துண்டு போர்த்திய கேடயம்

ஜன்னல் பலகை இறங்கிய வேகத்தில் மாதம்மாள் கையை உள்ளே விட்டாள்.

பலகை அவள் மணிக்கட்டின் மேல் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு குரல் பதறியது.

"கையெ எடும்மா! நசுங்கிடப் போவுது!"

"மார்க்கு லிஸ்ட்டெக் குடுங்க, எடுக்கறேன்."

"டீ டைமு இது!"

"டீ டைம் மூணரைக்குன்னு போர்டு சொல்லுது. இப்ப மூணேகால்தான் ஆவுது."

போர்டைப் படிக்கிற ஆள் இதுவரை யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. பலகை மெல்ல மேலே போனது. குமாஸ்தா பாஷாவின் முகம் தெரிந்தது. நாற்பது வயது, வாணியம்பாடிக்காரர், காதில் பென்சில்.

"இன்னாம்மா அவசரம்?"

"நாளைக்குப் பத்து மணிக்கு வேலூர்ல இன்டர்வியூ. அசல் மார்க்கு லிஸ்ட் இல்லாட்டி கூப்பிட மாட்டோம்னு லெட்டர்லயே எழுதிட்டாங்க. அசலு உங்க பீரோவுல கீது. அஞ்சு பத்துக்கு ஒடுகத்தூர் வழியா வேலூர் போற பஸ். அத வுட்டா அவ்ளோதான்."

"ஒப்பாய்வு முடிஞ்சுதா?"

"எதோட எதெ ஒப்பாயணும்?"

பாஷா தெருவைப் பார்த்தார். எதிர்ச்சாரியில், சோடா கடை நிழலில், மாதம்மாளின் அண்ணன் சின்னதம்பி நின்றிருந்தான். மலையிலிருந்து தங்கையோடு ஜீப்பில் இறங்கியவன், இந்தக் கட்டடத்தைக் கண்டதும் தெருவைத் தாண்டிப் போய் நின்றுகொண்டான். எவ்வளவு கூப்பிட்டும் இந்தப் பக்கம் வரவில்லை.

"உள்ள வா. சாரு பாக்கணும்" என்றார் பாஷா.

1983ஆம் வருடம், ஜூன் மாதம். திருப்பத்தூரில் அரிசி மண்டியை ஒட்டி இயங்கிய அந்த அலுவலகத்தின் பெயர் 'உயர்கல்விக் குழும ஒப்பாய்வு வழிகாட்டு மையம்'. பெயர் நீளம், சுவர் குட்டை. 'ஒப்பாய்வு' வரை மையத்தின் சுவரிலும், 'வழிகாட்டு மையம்' பக்கத்துத் தையல் கடைச் சுவரிலும் எழுதியிருந்தார்கள். வழி கேட்டு வந்த பலர் தையல்காரரிடம் ரவிக்கை அளவு கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுக்குக் குறித்த தேதியில் ரவிக்கையாவது கிடைத்தது.

மையம் அரசாங்கமா, தனியாரா? கேட்டால் "ஏறத்தாழ" என்பார்கள்.

ஆனால் சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வரும். மலைமேல் மாதம்மாள் படித்த நெல்லிவாசல்நாட்டுப் பள்ளிக்கும் வந்தது. ப்ளஸ் டூ தேறியவர்கள் அசல் மதிப்பெண் பட்டியலை மையத்தின் இரும்பு பீரோவில் 'பாதுகாப்பு' கருதி ஒப்படைக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகக் குழுமம் உயர்ந்தது என்று ஒப்பாய்ந்து, உயர்ந்த குழுமத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகே பட்டியல் திரும்பும். எதனிடமிருந்து பாதுகாப்பு என்று சுற்றறிக்கையில் இல்லை. மாதம்மாளுக்கு அன்றே சந்தேகம். ஒப்படைக்குமுன் ஒரு நகல் எடுத்து, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, வேலூர் அரசுக் கல்லூரிக்குத் தானே தபாலில் போட்டுவிட்டாள். தாவரவியல். அந்தக் கல்லூரி எந்தக் குழுமத்திலும் இல்லை. அந்தத் தகவலை அவள் யாரிடமும் சொல்லவுமில்லை.

உள்ளே ஒப்பாய்வு அதிகாரி கோபால்சாமி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் தொலைபேசி. அதன் பக்கத்தில் ஒரு முழ உயரத்துக்கு ஏதோ ஒன்று, பச்சை டர்க்கி துண்டு போர்த்திக்கொண்டு நின்றது. துண்டுக்குக் கீழே வெள்ளி விளிம்பு பளபளத்தது.

மாதம்மாள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அதிகாரி பார்த்தார். துண்டை இன்னும் இரண்டு விரல்கடை கீழே இழுத்துவிட்டார்.

"அது கேடயம்" என்றார். "தூசி படக் கூடாது."

"இன்னாத்துக்குக் குடுத்தாங்க சார்?"

"சேவைக்கு." அவர் எழுந்தார். "பெண்ணே, உன் எதிரே உள்ள விளக்கப் படத்தைப் பார்!"

சுவர் முழுக்க ஒரு பெரிய அட்டை. மூன்று குழுமங்கள். மகுடக் குழுமத்தில் ஏழு பல்கலைக்கழகங்கள். தூண் குழுமத்தில் பன்னிரண்டு. தாமரைக் குழுமத்தில் இருபது. மகுடத்தில் இருப்பது தூணிலும் இருக்கலாம், ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்ளாது. தாமரையில் இருப்பது வேறு எதிலும் இருக்க முடியாது, ஆகவே அதை எல்லோரிடமும் சொல்லும்.

ஒப்பிடுவதற்கு ஏழு பத்திகள். மணிக்கூண்டின் உயரம். பட்டமளிப்பு அங்கியின் நீளம். துணைவேந்தர் காரில் கொடி உண்டா. நூலக வாசலில் எத்தனை படிகள். முத்திரையில் எத்தனை மிருகங்கள். ஆண்டு விருந்தில் எத்தனை வகைகள். ஏழாவது பத்தியின் தலைப்பு மேல் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது.

"சார், பாடம் எப்படி நடத்துவாங்கன்னு எங்க போட்டிருக்குது?"

"அது உள்விவகாரம்."

"ஹாஸ்டலு?"

"அதுவும் உள்விவகாரம். நாம் பார்ப்பது பெருமையை." அவர் பிரம்பை எடுத்து மணிக்கூண்டுகளைச் சுட்டினார். "மகுடத்தின் சராசரி நூற்றுப் பத்து அடி. தூண் தொண்ணூற்றாறு. வித்தியாசம் புரிகிறதா?"

"பதினாலு அடி."

"வெறும் பதினாலு அடியா அது? பாரம்பரியம்!"

மாதம்மாளின் கண் ஏழாவது பத்தியிலேயே நின்றது. மற்ற ஆறு பத்திகளிலும் பெரிய எண் உள்ளவை மேலே இருந்தன. ஏழாவதில் மட்டும் தலைகீழ். மகுடத்துக்கு இரண்டு. தூணுக்கு ஐந்து. தாமரைக்குப் பதினொன்று. சின்ன எண்ணுக்குப் பெரிய இடம். சந்தைக்குப் புளி கொண்டுபோய்ப் பழகியவளுக்கு இது உடனே உறுத்தியது. எடை குறையக் குறைய விலை ஏறுகிறதென்றால் தராசில் ஏதோ இருக்கிறது.

"அந்த ஏழாவது இன்னா சார்?"

"தொழில்நுட்பம்" என்றார் அதிகாரி.

மணி மூன்று ஐம்பது.

"சார், ஒரு சந்தேகம். இந்த ஏழு பேரும் ஒரே குழுன்றீங்க. ஒருத்தரு வூடு எரிஞ்சா மத்த ஆறு பேரும் கூரைக்குப் புல்லு கொண்டாந்து போடுவாங்களா?"

"பல்கலைக்கழகங்களுக்குக் கூரை புல்லில் இல்லை."

"சாவுக்கு வருவாங்களா?"

"இரங்கல் தீர்மானம் அனுப்புவார்கள்."

"பொண்ணு குடுத்து பொண்ணு எடுப்பாங்களா?"

அதிகாரி யோசித்தார். இந்தக் கேள்வியை அவர் எங்கும் படித்ததில்லை. "பேராசிரியர்களை எடுப்பார்கள். கொடுக்க மாட்டார்கள்."

"அப்ப இன்னாத்துக்குதான் சார் குழு?"

"வருடம் ஒரு முறை ஒன்றாக அமர்ந்து சாப்பிடுவார்கள்" என்றார் அவர், பெருமிதத்தோடு. "குழுவில் இல்லாதவர்களைப் பற்றிப் பேசியபடி."

மூலையில் பாஷா இருமினார். அது இருமல்தானா என்று மாதம்மாளுக்கு உறுதியில்லை.

அதிகாரி மேசைக்குத் திரும்பினார். குரல் தாழ்ந்தது.

"இதோ பார். உன் அண்ணன் சின்னதம்பியும் போன வருடம் இப்படித்தான் நேரத்தை வீணாக்கினான். ஏழு மகுடங்களுக்கும் விண்ணப்பம் போட வைத்தேன். ஏழும் வேண்டாம் என்று எழுதிவிட்டன. அவன் ஒருவனால் மையத்தின் பெயர் கெட்டது."

இந்த வார்த்தைகள் மாதம்மாளுக்குப் புதிதல்ல. போன வருடம் ஜூலையில் அண்ணன் ஏழு கடிதங்களோடு மலையேறி வந்து, "கூட வந்தவங்க அல்லாருக்கும் கெடச்சிச்சாம், அம்மா. எனக்கு மட்டும்தான் மண்டையில ஒண்ணும் இல்லியாம்" என்று சொன்னான். அன்று பரண்மேல் போட்ட புத்தகங்களை அவன் இன்றுவரை இறக்கவில்லை. ஏர் ஓட்டுகிறான், சாமைக்குக் களை எடுக்கிறான், யாராவது இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசினால் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

"மத்தவங்க அல்லாருக்கும் கெடச்சிச்சா சார்?"

"மற்றவர்களைப் பற்றி உனக்கென்ன கவலை? படிவத்தை நிரப்பு."

படிவம் நாலு பக்கம். எட்டு கேள்விகள் ஒழுங்காகப் போயின. ஒன்பதாவதில் மாதம்மாளின் பேனா நின்றது. 'விண்ணப்பதாரர் சார்ந்த குழுமம்.'

"நான் எந்தக் குழுமமும் இல்லீங்களே."

"காலியாக விடக் கூடாது" என்றார் அதிகாரி. "காலியிடம் உள்ள படிவம் செல்லாது. செல்லாத படிவத்துக்குப் பட்டியல் கிடையாது. மனிதர் என்றால் ஏதாவது ஒரு குழுமத்தைச் சேர்ந்திருக்க வேண்டும்."

"நான் நெல்லிவாசல்நாடுங்க."

"எழுது."

எழுதினாள். அவள் வரையில் அது பொய்யுமில்லை. மலையில் நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்தது. ஒரே கட்டுப்பாடு, ஒரே கூட்டம், ஒரே நாட்டாமை. வீடு எரிந்தால் புல் வரும்.

படிவம் பாஷாவிடம் போனது. குழுமப் பெயர் எழுதியிருந்தால் அதன் விவரங்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி. இதுவரை வந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து ஒப்பேற்றியிருந்தார்கள். பதிவேட்டின் பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. பாஷா அதைப் பிரித்தார்.

"உறுப்பினர் எத்தினிம்மா?"

"பதினாலு ஊரு."

"ஸ்தாபிச்ச வருசம்?"

"தெரியாதுங்க. வெள்ளைக்காரன் வர்றதுக்கு ரொம்ப முந்தி."

அதிகாரி நிமிர்ந்தார். மகுடக் குழுமத்தை ஆரம்பித்ததே வெள்ளைக்காரன்தான்.

"ஆண்டு விருந்து உண்டா?"

"திருவிழால உண்டுங்க. பதினாலு ஊருக்கும் ஒரே பந்தி."

"தலைவர் பேரு?"

"சக்கரவர்த்தி."

அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தங்கள் நாட்டாமை பழைய காக்கி அரைக்கால் சட்டையோடு இந்த நேரம் ஏர் பிடித்துக்கொண்டிருப்பார் என்று சொல்ல மாதம்மாள் வாய் திறந்தாள். பாஷா காதிலிருந்து பென்சிலை எடுத்துப் படிவத்தில் ஓங்கித் தட்டினார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. ஏழாவது. வெளியிலிருந்து வந்து 'எங்களெயும் சேத்துக்குங்க'ன்னு கேட்டவங்க எத்தினி பேரு? சேத்துக்கினது எத்தினி பேரு?"

மாதம்மாள் பழுப்புக் காகிதத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதுவா இது?

"ஒரே ஒரு ஆளு கேட்டாரு. மர காண்ட்ராக்டரு. நாட்டுல ஒருத்தனா சேத்துக்கினா நெலம் வாங்கலாம்னு பாத்தாரு. ராத்திரி பூரா கூட்டம் போட்டு, வேணாம்னுட்டாங்க."

"சேர்த்தது?" அதிகாரி மேசைமேல் குனிந்தார்.

"யாரையும் சேத்ததில்ல."

"எப்போதுமே?"

"பொறந்தாத்தான் நாட்டாளு. கேட்டெல்லாம் சேர முடியாதுங்க."

அதிகாரி எழுந்து நின்றார். மாதம்மாளும் எழுந்தாள், ஏதோ தப்பு நடந்துவிட்டதென்று.

"சைபர்!" என்றார் அவர். கண்களில் நீர். "மகுடமே நூற்றுக்கு இரண்டு பேரைச் சேர்க்கிறது. இங்கே சைபர்! பாஷா, சென்னைக்கு அவசர லைட்னிங் கால் போடு!"

"சார், கம்மியா சேத்துக்கினா ஒசத்தியா?" என்று கேட்டாள் மாதம்மாள்.

அவர் அவளை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். 'நீ' போய் 'நீங்கள்' வந்தது.

"அம்மா, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? திறந்தே கிடக்கிற கதவை யார் மதிப்பார்கள்? ஒரு கல்விச்சாலை எத்தனை பேருக்குக் கல்வி தந்தது என்பது சாதாரணக் கணக்கு. எத்தனை பேருக்குத் தரவில்லை, அதில்தான் பெருமை! ஆயிரம் பேர் வந்து தட்ட வேண்டும். இருபது பேர் நுழைய வேண்டும். இருபது பேர் தானாகவே வந்துவிடுகிறார்கள். அவர்கள் அப்பாக்கள் அழைத்து வருகிறார்கள். ஆனால் தட்டுவதற்கு ஆள் வேண்டாமா? அந்தத் தொள்ளாயிரத்து எண்பது பேர் ஆகாயத்திலிருந்தா குதிப்பார்கள்? மலையென்றும் காடென்றும் பாராமல் தேடிப் பிடித்து அனுப்புகிறோமே, அதுதான் இந்த மையத்தின் தொண்டு!"

பிறகு தான் சொன்னதில் ஏதாவது அதிகமோ என்று யோசிப்பதுபோல் நிறுத்தினார். இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். மீசையைத் தடவிக்கொண்டார்.

மணி நாலு இருபது. தொலைபேசி அலறியது.

"ஹலோ! தலைமையகமா? நான்காவது குழுமம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது! ஆமாம்! மலை மேல்! உறுப்பினர் பதினாலு! ஏழாவது பத்தி சைபர்! ஆமாம் சார், மகுடத்துக்கும் மேலே! தலைவரா? சக்கரவர்த்தி! இல்லை சார், அடைமொழி இல்லை, பெயரே அதுதான்!"

மறுமுனையில் கோப்பு புரளும் ஓசை இங்கே வரை கேட்டது. பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. நெல்லிவாசல்நாடு தற்காலிகமாக முதலிடம். நவம்பர் விருந்துக்குத் தலைவரை அழைக்க வேண்டும். அங்கியின் நீளம் கேட்டு எழுத வேண்டும்.

"அரைக்கால்னு எழுதிடலாமா சார்?" என்றார், நாட்டாமையை அரிசி மண்டியில் பலமுறை பார்த்திருந்த பாஷா, பணிவோடு. பிறகு, அதே பணிவோடு, "விதி பதினாலு சார். முதல் மூணு இடத்துல கீற குழுமத்தெச் சேர்ந்தவங்களுக்கு ஒப்பாய்வு தேவையில்ல. அசலு உடனே திருப்பணும்."

அதிகாரி கையை அசைத்தார். "கொடு, கொடு. சக்கரவர்த்தி வீட்டுப் பெண்ணைக் காக்க வைக்கலாமா?" என்று சொல்லிவிட்டு, செய்தியைத் தையல் கடைக்காரருக்காவது சொல்லியாக வேண்டும் என்ற வேகத்தில் வெளியே பாய்ந்தார்.

பாஷா மேசைக்கு வந்தார். பீரோ சாவி கேடயத்தின் அடியில் இருந்தது. கேடயத்தைத் தூக்கினார். அதைத் தூக்கும்போது துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது பதினாலு மாதமாக அங்கே வேலை செய்பவருக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. அவர் பிடித்துக்கொள்ளவில்லை. பச்சைத் துண்டு நழுவி மாதம்மாளின் காலடியில் விழுந்தது.

கேடயத்தில் நாலு வரி பொறித்திருந்தது.

மாதம்மாள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். குனிந்து துண்டை எடுத்தாள். உதறினாள். கேடயத்துக்குப் போர்த்திவிட்டாள், குளிரும் என்பதுபோல.

பாஷா அவள் முகத்தைப் பார்க்காமல் பீரோவைத் திறந்தார். உள்ளே அசல் பட்டியல்கள் கத்தை கத்தையாகச் சணல் கட்டிக் கிடந்தன. அவளுடையதை எடுத்துக் கொடுத்தார்.

"போன வருசத்துதும் இங்கதான் கீது. திருப்பி வாங்கிக்கோன்னு எத்தினி கார்டு போட்டாலும் வர்றதில்ல. வெக்கம்."

"எங்கண்ணனுது கீதா?"

"அவரும் அதே நாடுதானே?" என்றார் பாஷா. "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்." இரண்டாவது பட்டியலும் அவள் கைக்கு வந்தது. "வேலூருக்குப் போறீங்க இல்ல? அந்தக் காலேஜுல இன்னும் பத்து நாளு அப்ளிகேஷன் குடுக்கறாங்களாம். என் பொண்ணு சகிலாவுக்கு அங்கதான் வாங்கியாந்தேன்."

மாதம்மாள் நிமிர்ந்தாள். அவள் வேலூர் என்று மட்டும்தானே சொல்லியிருந்தாள்? எந்தக் கல்லூரி என்று இவருக்கு எப்படித் தெரியும்?

"அந்த ஊர்ல எந்தக் குழுமத்துலயும் இல்லாதது அது ஒண்ணுதாம்மா" என்றபடி பாஷா ஜன்னல் பலகையை இறக்கினார். "பஸ்ஸெ வுட்டுடாத."

நாலு ஐம்பத்தெட்டு.

அவள் ஓடினாள். சோடா கடையில் நின்றவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்த ஒடுகத்தூர் பஸ்ஸில் தங்கை முதலில் ஏறி, அண்ணனை உள்ளே இழுத்தாள்.

"ஏய், நான் இன்னாத்துக்கு? உன்னெ ஏத்தி வுட்டுட்டு மலைக்குப் போவணும். மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?"

"அம்மா காட்டும். ரெண்டு டிக்கெட் குடுங்க."

கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாதம்மாள் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். சின்னதம்பி தன் பெயரைப் படித்தான். கணக்கில் நூற்றுத் தொண்ணூறு. உடனே மடித்துவிட்டான், யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதுபோல.

"இதெ ஏன் வாங்கியாந்த?"

"அங்க ஒரு கேடயம் கீதுண்ணா. துண்டு போத்தி."

"கேடயமா? போன வருசம் அங்க அப்பிடி ஒண்ணும் இல்லியே. நாங்க அப்ளிகேஷன் போட்டப்புறம்தான் குடுத்திருப்பாங்க." ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "நல்லா படிக்கிற பசங்க வந்தாங்க. ஆம்பூர்ப் பையன் ஒருத்தன், இங்கிலீஷ்ல அப்பிடிப் பேசுவான். அவங்களால குடுத்திருப்பாங்க. இன்னா எழுதியிருந்துச்சி?"

"போன வருசம் நீங்க எத்தினி பேருன்னு நெனச்சிக்கினு இருக்க?"

"பத்து இருவது இருக்கும்."

"இருநூத்திப் பன்னெண்டு."

சின்னதம்பி திரும்பினான். "அவ்ளோ பேரா? அதுல எனக்கு மட்டுமா..." மேலே கேட்க அவனுக்குத் தைரியமில்லை. பஸ் இரயில்வே கேட்டைத் தாண்டும்வரை காகிதத்தின் மடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டுவிட்டான்.

"கெடச்சவங்க எத்தினி பேருன்னு போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சி" என்றாள் மாதம்மாள்.

நாலு வரியையும் அவள் மனப்பாடமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"மகுடக் குழுமத்தின் முதல் பரிசு. அனுப்பப்பட்ட மாணவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. சேர்க்கப்பட்டவர்கள் ஒருவருமில்லை. நன்றியுடன்."